மலைக் காற்றுக்குப் பழகிய என்ஜின்

என் மாத்திரை டப்பாவில் ஏழு அறைகள். அறைக்கு நான்கு மாத்திரை. சனிக்கிழமை மாலை நிரப்பி எண்ணினால் இருபத்தெட்டு வர வேண்டும். ஒருமுறை எண்ணினால் மனம் ஆறாது, இரண்டு முறை எண்ணுவேன். ஞாயிற்றுக்கிழமை அறையில் மட்டும் ஐந்தாவதாக ஒன்று கிடக்கும். அது மாத்திரையல்ல. வேப்பங்கொட்டையைவிடச் சிறிய பித்தளைத் துண்டு, நடுவில் ஊசித் துளை. கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட். "ஒரு நாளைக்கு அதையும் சேத்து முழுங்கத்தான் போறீங்க" என்று என் மனைவி திட்டாத வாரமில்லை. வேறு இடத்தில் வைத்தால் வாராவாரம் கண்ணில் படாது. படவேண்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறேன்.

அதை என் கையில் கொடுத்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. காபி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் ரைட்டராக ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதி ஓய்ந்த பிறகு, ஏற்காட்டில் விடுதி நடத்தும் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். விடுதிக்குப் பின்னால் அவர் கோ-கார்ட் தளம் போட்டிருந்தார். தரையோடு தரையாக ஓடும் கூரையில்லாத சின்னப் பந்தய வண்டிகள், மொத்தம் ஆறு. ஒவ்வொரு என்ஜினும் எத்தனை நிமிடம் ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது என்று நோட்டில் எழுத ஒரு ஆள் வேண்டுமாம். மெக்கானிக்காக என் மச்சினன் முன்பே அங்கே இருந்தான். அதற்கு முன் மஞ்சக்குட்டை ஊருக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன்.

ஒரு கோடையில் மூன்றாம் எண் வண்டிக்குப் புது என்ஜின் வந்தது. புது என்ஜினை எடுத்ததும் விரட்டக் கூடாது, பழக்க வேண்டும் என்பான் மச்சினன். பெட்டியிலிருந்து வரும்போது அதில் ஆயில் இருக்காது. அதை ஊற்றிக் குச்சியில் அளவு பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிற்றைத் தொட விடமாட்டான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தரையில் படாதபடி நிறுத்தினான். தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "மாமா, மொதல்ல அந்த மப்ளரக் கழட்டி அக்கட்டால வைங்க. செயின் இழுத்துக்கிச்சுன்னா அக்காவுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?" குளிருது மாப்ள என்றேன். "குளிரட்டும். கழுத்து இருந்தாத்தானுங்க குளிரும்" என்றான்.

பத்து நிமிடம் ஓட்டம், பிறகு கை வைத்தால் சுடாத வரை ஓய்வு. மறுபடி பத்து நிமிடம். தளத்தில் இறக்கிய பிறகும் முழு வேகம் கிடையாது. ஒரே வேகத்தில் பிடித்து வைக்கவும் மாட்டான். கொஞ்சம் கூட்டுவான், குறைப்பான். நான் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு போட்டேன். ஒன்பதரை நிமிடத்தில் நிறுத்தினால் அரை நிமிடம் பாக்கி என்று சண்டை பிடித்தேன். "காப்பி மூட்டைன்னு நெனச்சீங்களா, அரைக் கிலோ கொறையுதுன்னு?" என்று சிரித்தான். இரண்டு நாளில் பன்னிரண்டு கோடுகள். அப்புறம் சூடாறாத ஆயிலை இறக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் காட்டினான். பொடிப்பொடியாக உலோகம் மின்னியது. புது பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றையொன்று உரசி வழிக்கு வருகிற தூள் அது. புது ஆயில் ஊற்றினான், ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கினான், செயின் தொய்வைச் சரி செய்தான். எல்லாவற்றுக்கும் நோட்டில் கட்டம் இருந்தது. எல்லாவற்றையும் எழுதினேன்.

ஒன்றுக்கு மட்டும் கட்டம் இல்லை. மலையில் காற்று அடர்த்தி குறைவு. கீழே சரியாக இருக்கும் பெட்ரோல் அளவு இங்கே மிஞ்சிப்போய்ப் புகையும். அதனால் என்ஜினோடு வந்த ஜெட்டைக் கழற்றிவிட்டுச் சின்னத் துளை ஜெட்டைப் போட்டிருந்தான். கழற்றியதை என்னிடம் நீட்டினான். "மாமா, இதப் பத்தரமா வைங்க. வண்டி கீழ போச்சுன்னா இதத்தான் மாட்டோணும்." சட்டைப் பையில் போட்டேன். கட்டமில்லாததை எங்கே எழுதுவது? மார்ஜினில் எழுதியிருக்கலாம். மார்ஜினில் கிறுக்குவது எனக்குப் பிடிக்காது.

அடுத்த வாரம் ஓனர் அடிவாரத்தில் ஒரு விழாவுக்காக மைதானத்தில் தற்காலிகத் தளம் போட்டார். அன்று மச்சினன் குப்பனூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். "ஏனுங்க ரைட்டரே, புது வண்டி ரெடிங்களா?" என்றார் ஓனர். நோட்டைப் புரட்டினேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ரெடிங்க என்றேன். லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வளைவுகளையும் எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஜெட் என் பையில் இருந்தது. அது இருக்கிற நினைவே எனக்கு இல்லை.

சேலத்து வெயிலில், அடர்ந்த காற்றுக்குப் போதாத பெட்ரோலில், இன்னும் முழுதாகப் பழகாத என்ஜின் கொதித்தது. பதினொரு சுற்று ஓடியது. பன்னிரண்டாவதில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த வண்டி இடித்து, ஓட்டிய பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது. கல்லூரியில் படிக்கிற பெண். கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

உள்ளூர் மெக்கானிக் கார்ப்பரேட்டரைப் பிரித்துக் காரணத்தைச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை ஓனர் மச்சினனை நிறுத்தி, "ஜெட்ட மாத்தினவன் ஒரு வார்த்த சொல்லியிருக்க வேண்டாமா?" என்றார். நான் இரண்டடி தள்ளி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். மச்சினன் என்னைப் பார்த்தான். ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணினேன். எதை எண்ணினேன் என்று தெரியாது. வாய் திறக்கவில்லை. ஒரு தவறும் இல்லாத ரைட்டர் என்ற பெயர் முப்பத்தொரு வருஷம் சேர்த்தது. "மறந்துட்டனுங்க" என்றான் அவன். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு அன்றே இறங்கிப் போனான்.

மறுபடியும் அவன் மஞ்சக்குட்டை ஜீப்தான் ஓட்டுகிறான். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறான், அக்காவிடம் பேசுகிறான், என்னிடம் உடம்பு எப்படி என்று கேட்கிறான். அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை பாரம் சேர்ந்திருக்காது.

போன மாதம் ஜெட்டை எடுத்துக்கொண்டு அவன் ஜீப்பில் முன்சீட்டில் ஏறினேன். மற்ற ஆட்கள் ஏறுவதற்குள் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். "மாப்ள, அன்னைக்கு நான் சொல்லியிருக்கோணும்." அவன் அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளை வழியாகப் பார்த்தான். "அடேங்கப்பா, நொம்பப் பத்தரமா வச்சிருக்கீங்க மாமா" என்றான். "வெக்கச் சொன்னேன், வச்சிட்டீங்க. எடுத்துக் குடுங்கன்னு சொல்லாம உட்டது என் தப்புத்தானுங்க." சிரித்தான். ஜெட்டை என் சட்டைப் பையிலேயே திருப்பிப் போட்டு, வெளியிலிருந்து ஒருமுறை தட்டினான். கியரை மாற்றினான்.

நேற்று சனிக்கிழமை. மாத்திரை நிரப்பி எண்ணினேன். இருபத்தொன்பது.