தையல் மெஷினுக்குப் பதிலாக வந்தது

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் எங்கள் வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பினார். பங்களாச் சாமான்களை வாசலில் பரப்பி ஏலம் விட்டார்கள். ஆபீஸ் கிளாக்கர் நாற்காலி எடுத்தார், தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் சாப்பாட்டு மேசை எடுத்தார். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான நான் பைனாகுலர் எடுத்தேன். எனக்குக் குருவி பார்க்கும் பைத்தியம் உண்டு. என் மனைவி தையல் மெஷினுக்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் முழுவதும் அன்றைக்கு என் சட்டைப்பையில் இருந்தது. மெஷின் வாங்கத்தான் அட்டன் டவுனுக்குப் புறப்பட்டிருந்தேன். பாதை பங்களா வழியாகப் போவது என் குற்றமா?

வீட்டில் பைனாகுலரைத் தோல்பெட்டியோடு மேசைமேல் வைத்தேன்.

"மெஷின் ரொம்பச் சின்னதா இருக்கே" என்றாள்.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கோப்பரேட்டிவ் கடைக்கு மாவு வந்துவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றேன்.

"மாவு வந்தா அங்க போடுற சண்டை இங்க வரைக்கும் கேக்குமே."

பஸ் வளைவில் வரும்போதே தெரிந்துவிடும் என்றேன்.

"வந்தாத்தானேங்க தெரியும்."

போதாததற்கு மூடுபனி வேறு. நாள்கணக்கில் குருவி என்ன, எங்கள் வேலிகூடத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் தூரக்கண்ணாடியும் கையுமாக நான் நிற்க, "இன்னைக்கு என்னா குருவிங்க?" என்று அடுப்படியிலிருந்து கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மலையில் இதை வாங்கியவனைச் செருப்பால் அடிக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

ஒருநாள் சாயங்காலம் பனி விலகியது. குருவி ஒன்றும் இல்லை. எதையாவது காட்டித் தப்பிக்கவேண்டும் என்று, "உங்கப்பா லயம் தெரியுது, வந்து பாரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எதிர்மலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த லயம்தான் அவள் பிறந்த இடம். அக்கரப்பத்தனைக்கு இறங்கி, பஸ் மாறி ஏறினால் அரை நாளில் போய்விடலாம். ஆனால் நாங்கள் போனதில்லை. அவளுடைய அப்பா அங்கே ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. மாரியம்மன் கோயில் காரியம் எதற்கும் முன்னால் நிற்கிற மனிதர். மகள் சர்ச்சில் என்னைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, "நான் செத்தாலும் இந்த வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடியை வாங்கினாள்.

"அந்தக் கறுப்புக் கோட்டத்தான் போட்டிருக்காரு. லயத்து வாசக்கல்லுல உக்காந்திருக்காரு" என்றாள்.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் பைனாகுலர் எனக்குக் கிடைக்காது. பனி மூடினால் என்னைவிட அவள்தான் பனியைத் திட்டினாள். மெஷின் பேச்சே எடுக்கவில்லை. தப்பித்தோம் என்று நானும் சும்மா இருந்தேன்.

ஒருநாள் கண்ணாடியை இறக்காமலே சொன்னாள்: "அவரு இந்தப் பக்கமே பாக்குறாருங்க. நெத்தியில கைய வச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்தயே பாக்குறாரு."

"வெயிலுக்கு வச்சிருப்பாரு."

"வெயிலே இல்லையேங்க."

உண்மைதான், மேகம் மூடியிருந்தது. "தினமும் இப்படித்தான் உக்காந்திருக்காரு. அவருகிட்ட கண்ணாடி இல்லையே" என்று சொல்லி அழுதாள்.

மறுநாள் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு முந்திய தீபாவளிக்கு அவர் எடுத்துக்கொடுத்த சிவப்புச் சேலையை எடுத்தாள். நனைக்காத சேலையைப் பள்ளிக்கூட வேலியில் முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டாள். பிறகு கண்ணாடியை என் கையில் திணித்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மனிதர் கல்லில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். லயத்துக்குள் போய்விடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. போகவில்லை. தலைப்பாகையை அவிழ்த்தார். அந்த வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்து ஆட்டினார், ஆட்டிக்கொண்டே நின்றார்.

சொன்னேன். கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எதிர்மலைக்குப் புறப்பட்டோம். நான் பழக்கதோஷத்தில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"அதக் கழட்டி வச்சிட்டு வாங்க" என்றாள். "அங்க போயும் எங்கப்பாவ தூரத்துல இருந்தா பாக்கணும்?"