ஷிகே விசாரித்த வருஷம்

எங்கள் கடற்கரைக் கிராமமான கமிஹாமாவில் ஷிகே செய்த டோஃபுவைச் சாப்பிடாத வீடு கிடையாது. அவளுடைய சந்தேகத்துக்கு ஆளாகாத வீடும் கிடையாது. சோயா மூட்டை வந்தால் அடிவரை கைவிட்டுத் துழாவுவாள். வெளியே மழை என்று யாராவது சொன்னால் கதவைத் திறந்து உள்ளங்கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவாள். பொதுக் குளியல் கூடத்தில் அவளைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று அதையும் சந்தேகப்படுவாள்.

அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. என் அம்மா மட்சுயே கல்யாணத் தரகு பார்த்தவள். ஷிகேயின் ஒரே மகன் தொகுசோவுக்கு இடம் பார்த்துக் கொடுத்ததும் அம்மாதான். அதனால் இந்தக் கதையின் கண்ணீரில் பாதி எங்கள் வீட்டுப் பாயில்தான் சிந்தியது.

ஷிகே பிறவியிலேயே அப்படி இருந்தவள் இல்லை என்பாள் அம்மா. மெய்ஜி முப்பத்தொன்பதாம் வருஷம், அதாவது 1906இல், இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, அவள் கணவன் கன்ஜிரோ தோள் மூட்டு இறங்கி, பூப்போட்ட ஒரு துணியால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். காலையில் எங்கே போகிறான் என்று சொல்லாமல் போனவன். முகத்தில் அசட்டுச் சிரிப்பு வேறு.

"எங்க போயிருந்தீங்க?"

"மலைப்பக்கம் ஒரு ஊர்ல சுமோ. தோத்துட்டேன். ஜெயிச்சா ஒரு மெஷின் பரிசு, ஷிகே. வைக்கோலைச் செருகி மிதிச்சா போதும், அதுவே கயிறு திரிச்சுடும். ராவெல்லாம் கயிறு திரிச்சு உன் உள்ளங்கை வெடிச்சுப் போகுதே, அதான்..."

"தானா கயிறு திரிக்கிற மெஷினா? தோத்தவன் யாராவது சிரிச்சுக்கிட்டு வருவானா? இந்தப் பூத்துணி யாரோடது?"

அவன் சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு அப்படி ஒரு இயந்திரத்தை எங்கள் கடற்கரையில் யாரும் கண்டதில்லை. நிஜம் அவன் வாயில் பொய்யாகவே ஒலித்தது. இரண்டு மாதம் அந்த வீட்டில் பேச்சில்லை. தோள் கூடியதும், அந்த வருஷக் கடைசியில் காட் மீன் பிடிக்கும் படகில் ஏறிப் போனான். படகு திரும்பவில்லை. உடம்பும் கரை ஒதுங்கவில்லை.

ஊரே அழுதது. ஷிகே மட்டும் அழவில்லை. கடல் ஒரு சாக்கு, அந்தப் பூத்துணிக்காரியோடு எங்கோ குடித்தனம் நடத்துகிறான் என்று நினைத்தாள். சாமி மாடத்தில் வைத்த நினைவுப் பலகையில் அவன் பெயரை மட்டும் எழுதும்படி புத்த கோயில் பிக்குவிடம் சொன்னாள். "செத்த வருஷத்தை எழுதாதீங்க சாமி. எனக்கு இன்னும் உறுதியாத் தெரியல" என்றாள். இருபத்தொரு வருஷம் அந்தப் பலகைக்கு ஊதுவத்தியும் கொளுத்தினாள், அதை முறைத்தும் பார்த்தாள்.

ஷோவா இரண்டாம் வருஷம், அதாவது 1927இல், மலைப்பக்கத்து ஒகுசாவா கிராமத்துச் சயோவைத் தொகுசோவுக்கு என்று அம்மா கொண்டுவந்தாள். அமைதியான பெண். தொகுசோ ஒரே பார்வையில் விழுந்துவிட்டான். பதிவேட்டில் பிறந்த நாள் மெய்ஜி நாற்பது, ஜனவரி எட்டு. வருஷத்துக்கு ஒரு மிருகம் என்ற எங்கள் கணக்கில் அது ஆடு வருஷம், நல்ல வருஷம். அதற்கு முந்தைய வருஷம்தான் எல்லோரும் நடுங்கும் வருஷம்: அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை. அதில் பிறந்த பெண் புருஷனை விழுங்குவாள் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பயம். அந்த வருஷத்தின் கடைசி மாதங்களில் பெண் பெற்றவர்கள் பதிவை ஜனவரிக்குத் தள்ளி எழுதியதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க எங்கள் வீட்டில் கூடியபோது, சயோவின் அப்பா ஹெய்கிச்சி மூன்றாவது கிண்ணம் சாகே மதுவில் வாயைத் திறந்தார்.

"ஒகுசாவா கோயில் சுமோவுல நான்தான் ஜெயிச்சேன். பரிசு என்ன தெரியுமா? கயிறு மெஷின்! அன்னிக்கே இவளும் பொறந்தா. ஒரு தோள்ல மெஷின், ஒரு கையில பொண்ணு!"

ஷிகேயின் சாப்பாட்டுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றன.

"உங்க ஊர்ல ஜனவரிப் பனியிலயா சுமோ நடக்குது, சம்பந்தி?"

ஹெய்கிச்சியின் போதை ஒரு நொடியில் இறங்கியது. "அது... போதையில உளறிட்டேன். சுமோ நாப்பதாம் வருஷம். பொண்ணு அப்ப தவழ்ந்துட்டிருந்தா" என்றார். சயோ தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்று இரவு தங்கள் வீட்டில் தொகுசோ முதன்முறையாகத் தன் அம்மாவிடம் குரலை உயர்த்தினான்.

"சயோ இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்மா!"

"உங்கப்பனை யாருக்குக் கொடுத்தேன்னே தெரியல. உன்னைக் குதிரைக்குக் கொடுக்க மாட்டேன்டா!"

மறுநாள் காலை வியாபாரம் முடிந்ததும், வைக்கோல் செருப்பை மாட்டிக்கொண்டு ஷிகே தனியாக ஒகுசாவாவுக்கு நடந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டு ஊரில் ரகசியமாக விசாரிப்பது எங்கள் வழக்கம். விசாரிக்க வந்தவளை நூறடி தூரத்திலேயே அடையாளம் காண்பதும் எங்கள் வழக்கம்தான்.

சோயா வாங்க வந்ததாகச் சொல்லி எண்ணெய்க் கடைக்காரியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"ஹெய்கிச்சி ஜெயிச்ச சுமோவா? அது நாப்பதாம் வருஷம். சயோ அப்ப தவழ்ந்துட்டிருந்தா" என்றாள் கடைக்காரி.

சோயா விலையைக்கூட அவள் சொல்லவில்லை. ஷிகேயின் காது விடைத்தது.

அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ஜின்பாச்சி கிழவர் பட்டறையில் இருந்தார். "நான் செஞ்ச முதல் மெஷினைத்தான் பரிசாக் கொடுத்தேன். அது நாப்பதாம் வருஷம். சயோ அப்ப தவழ்ந்துட்டிருந்தா."

"மெஷினைப் பத்திக் கேட்டா குழந்தை தவழ்ந்ததைச் சொல்றீங்களே அண்ணே?"

"ஞாபக சக்தி!" என்று சொல்லிவிட்டுக் கிழவர் சுத்தியலால் சும்மா எதையோ தட்டினார்.

மூன்றாவது ஆள் கோயில் பூசாரி. அந்தச் சுமோவை ஒரு நாடோடி ஓவியர் வரைந்த பெரிய காணிக்கைப் படம் கோயில் மண்டபத்தில் தொங்கியது. பலகையின் கீழ்மூலையில் தேதி இருந்த இடம் வெள்ளையாக, கத்தியால் சுரண்டப்பட்டு இருந்தது.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் பூசாரி.

"எலி தேதியை மட்டும் படிச்சுப் பார்த்துக் கடிக்குமா? சரி, இந்தச் சிப்பாய்களும் தேவதாரு இலை வளைவும் என்ன? ரஷ்யப் போர்லேர்ந்து திரும்பினவங்களை வரவேத்தது முப்பத்தொம்பதுலதானே?"

"ஓவியர் அழகுக்காகச் சேர்த்துக்கிட்டாரு. அது நாப்பதாம் வருஷம். சயோ அப்ப..."

"தவழ்ந்துட்டிருந்தா. தெரியும். போங்க, நான் கொஞ்சம் கும்பிட்டுட்டு வரேன்."

பூசாரி நழுவினார். ஷிகே படத்தின் அருகே போனாள். வட்டத்தின் ஓரத்தில் பரிசு இயந்திரம், அதன் சக்கரம், வைக்கோல் செருகும் இரண்டு குழாய்கள். நடுவில் இளமையான ஹெய்கிச்சி. அவர் தூக்கி எறிந்த எதிராளி காற்றில் சாய்ந்து விழுந்துகொண்டிருக்கிறான். அவன் இடது முதுகில் சுரைக்காய் வடிவத்தில் ஒரு தழும்பு.

கொதிக்கும் சோயாப் பால் கொட்டிய தழும்பு அது. கொட்டியதே ஷிகேயின் கைதான், கல்யாணமான முதல் மாதத்தில்.

விழுந்துகொண்டிருந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று வாசலில் நின்ற அதே அசட்டுச் சிரிப்பு.

ஊர் முழுக்கச் சேர்ந்து சொன்ன பொய் அந்த ஒரு முதுகில் உடைந்தது. நாற்பதாம் வருஷத்தில் கன்ஜிரோ எப்படிச் சுமோ ஆட முடியும்? முப்பத்தொன்பது முடியும் முன்பே படகு போய்விட்டதே. சிப்பாய்கள் திரும்பிய பிறகு, படகு மூழ்கும் முன்பு: ஒரே ஒரு இலையுதிர் காலம்தான் இருக்கிறது. சயோ நெருப்புக் குதிரை. அதை நிரூபிக்க உலகத்திலேயே ஷிகே ஒருத்தியால்தான் முடியும். ஆனால் அதை நிரூபிக்கும் அதே படம், இருபத்தொரு வருஷமாக அவள் நம்பாத மனிதன் சொன்னது அத்தனையும் நிஜம் என்றும் சொன்னது.

பின்னால் காலடிச் சத்தம். சயோ நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தேதியைச் சுரண்டினது எலி இல்லீங்க, அத்தை. நான்தான். பன்னெண்டு வயசுல. பள்ளிக்கூடத்துல என்னைக் குதிரைன்னு கூப்பிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் வந்து சுரண்டினேன். ஊர்ல யாரும் திட்டல. அப்பலேர்ந்து எல்லாரும் எனக்காக அந்த ஒரே பொய்யைச் சொல்றாங்க. நீங்க தேடி வந்தது இதுதானே? கல்யாணத்தை நிறுத்திடுங்க. அவர் நல்லா இருக்கணும்."

ஷிகே திரும்பவில்லை. விரல் மட்டும் படத்தைக் காட்டியது.

"இந்த ஆளைப் பத்தி உங்கப்பா ஏதாவது சொல்லியிருக்காரா?"

"பேர் தெரியாதுங்க. கடற்கரைப் பக்கத்துக்காரர்னு சொல்லுவாரு. தோள் இறங்கிடுச்சாம். நான் பொறக்கப் போறேன்னு அம்மா எடுத்து வச்சிருந்த பூத்துணியைக் கிழிச்சு அப்பாதான் கட்டுப் போட்டாராம். 'எம்பொண்டாட்டி கேட்டா என்ன சொல்றது'ன்னு அவர் சிரிச்சுக்கிட்டே போனாராம்."

கோயில் மண்டபமே அதிரும்படி ஒரு கேவல் ஷிகேயிடமிருந்து வந்தது. இருபத்தொரு வருஷம் தேங்கிய அழுகை அது. சயோ பயந்துபோய் அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

"இத்தனை வருஷமா நான் தேடின அந்தப் பூத்துணிக்காரி நீதானாடி?" என்று அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள் ஷிகே. "நான் ஆடு வருஷத்துல பொறந்தவடி. சாதுவான வருஷம்னு தரகர் புகழ்ந்து கட்டி வச்சாங்க. எம்புருஷனை விழுங்கினது குதிரையா? இந்த ஆடுதானே?"

அன்று மாலை அவள் வருவதற்காக அம்மாவும் நானும் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றோம். தொகுசோ உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தான். ஷிகே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"என்ன ஷிகே, விசாரிச்சியா?" என்றாள் அம்மா.

"விசாரிச்சேன். அந்தச் சுமோ நாப்பதாம் வருஷம். பொண்ணு அப்ப தவழ்ந்துட்டிருந்தா. நிச்சயத்துக்கு நாள் பாரு."

அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. ஆனாலும் பல வருஷம் கழித்து ஷிகேயே சொல்லும்வரை அம்மா வாய் திறக்கவில்லை.

மறுவாரம் ஷிகே புத்த கோயிலுக்கு நினைவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள். "மெய்ஜி முப்பத்தொம்பதுன்னு எழுதுங்க சாமி. உறுதியாத் தெரிஞ்சுடுச்சு" என்றாள்.

கல்யாணம் நடந்தது. அப்புறமும் ஷிகே சோயா மூட்டையில் கைவிடத்தான் செய்தாள், மழையில் கை நீட்டத்தான் செய்தாள். ஒருநாள் குளியல் கூடத்தில், ஆவிக்கு நடுவே யாரோ கிசுகிசுத்தார்கள்: "அந்தச் சயோ நிஜமா எந்த வருஷத்துக்காரியோ?"

தொட்டியிலிருந்து ஷிகே எழுந்து நின்றாள். தண்ணீர் சளசளவென்று வழிந்தது.

"எவடி கேட்டது? அவளைப் பத்தி விசாரிச்சது நான். இந்த ஊர்ல என்னைவிடச் சந்தேகக்காரி எவளாவது இருந்தா கையைத் தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை.