இருபத்தாறாவது கட்டில் ஒன்று குறைவு

ஞானபாக்கியம் எதையும் இருபத்தைந்து இருபத்தைந்தாகத்தான் எண்ணுவாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பீடித்தட்டை மடியில் வைத்தவள். இப்போது வயது ஐம்பத்தெட்டு. ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. ஒன்று குறைந்தாலும் கடையில் கட்டைப் பிரித்து உதறிவிடுவார்கள். அந்தப் பயத்தில் பழகிய கை, வெங்காயம் உரித்தாலும் துணி காயப்போட்டாலும் எண்ணிக்கொண்டே இருக்கும்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவன் தம்பி பெலிக்ஸ். அவள் சுற்றிய பீடியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரம் பேரூராட்சியில் குடிதண்ணீர் வால்வு திறக்கிற வேலையில் சேர்ந்தான். காலை ஐந்து மணிக்கு வால்வைத் திறந்துவிட்டால் மூட ஏழரை ஆகும். நடுவில் கிடைக்கும் இரண்டரை மணி நேரத்தை மற்றவர்கள் டீக்கடையில் கழிப்பார்கள். பெலிக்ஸ் மொபெட்டை எடுத்துக்கொண்டு குற்றாலம் போவான். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு உள்ளே விழுகிறதா, தாண்டி விழுகிறதா, ஐந்தருவியில் எத்தனை கிளை, பழைய அருவியில் எப்படி, சாரல் உண்டா, கூட்டம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வந்து ஐந்தாறு வரி எழுதுவான். 2011 ஜூனில் ‘இன்றைய அருவி’ என்று ஒரு வலைப்பூ தொடங்கி, சீசன் நாள் ஒன்றுகூட விடாமல் அதில் போட்டுவந்தான். பெயருக்குக் கீழே ‘நேரில் பார்த்து எழுதுவது’ என்று ஒரு வரி இருக்கும்.

மதுரையிலும் சென்னையிலும் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி பேசினார்கள். ஐந்தருவியில் தண்ணீர் இல்லாத நாளில் இல்லை என்றே எழுதியதற்காக லாட்ஜ்காரர் ஒருவர் வீடு தேடி வந்து சத்தம் போட்டிருக்கிறார். பெலிக்ஸ் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாளும் இல்லை என்றே எழுதினான்.

ஞானபாக்கியத்துக்கு அது போதும். பீடிக் கடையில் கட்டுகளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது யாராவது சாரல் என்று வாயைத் திறந்தால் தொடங்கிவிடுவாள்.

“எந் தம்பி கண்ணால பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டான்.”

“ஆரம்பிச்சிட்டாளா?” என்பாள் பக்கத்தில் இருக்கும் ஹாஜரா பீவி. “ஒந் தம்பி போய்ப் பாக்கலன்னா அருவியே விழாதுன்னு சொல்லுவ போலிருக்கே.”

எல்லாரும் சிரிப்பார்கள். ஞானபாக்கியமும் சிரிப்பாள். ஆனால் சொன்னதிலிருந்து ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாள்.

2024 ஜூன் மாதத்தில், அந்த வலைப்பூவுக்கு இடம் கொடுத்திருந்த தளத்திலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு தளத்தை மூடப்போவதாகவும், அதற்குள் அவரவர் எழுதியதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகவும் தந்தார்கள். பெலிக்ஸ் அதைப் புதிய தளம் ஒன்றில் ஏற்றிப் பார்த்தான். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. யாரிடம் கேட்டும் வழி பிறக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு பதிவாகத் திறந்து, நகலெடுத்து, புதிய இடத்தில் ஒட்டுவது என்று முடிவானது. தேதியையும் கையால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பதின்மூன்று வருஷத்துச் சாரலும் ஒட்டிய தேதியில் பெய்ததாகக் காட்டும். பதிவுக்கு அடியில் வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்களையும் நகலெடுத்துச் சேர்த்தான்.

அந்த ஜூன் வரை மொத்தம் ஆயிரத்து நூற்றைம்பது பதிவு; அதற்குப் பிறகு அன்றாடம் எழுதியதைப் புதிய தளத்தில் தனிப் பகுதியாக வைத்ததால் அது இந்தக் கணக்கில் சேரவில்லை. நாற்பத்தாறு கட்டு என்று ஞானபாக்கியம் மனதுக்குள் போட்டுக்கொண்டாள். சரிபார்க்கும் வேலையைத் தன்னிடம் கொடுக்கும்படி அவளேதான் கேட்டு வாங்கினாள். பழைய தளத்தின் பட்டியலிலிருந்து தேதிகளை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, இருபத்தைந்துக்கு ஒரு கோடு இழுத்தாள். பெலிக்ஸ் சாயங்காலங்களில் ஒட்டுவான். மறுநாள் பகலில் அவள் அவனுடைய பழைய லேப்டாப்பைத் திறந்து, புதிய தளத்தில் ஒவ்வொரு தேதியாகப் பார்த்து டிக் போடுவாள். நகலெடுக்கவும் ஒட்டவும் பெலிக்ஸின் மனைவி ஜாய் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி எல்லாம் முடிந்தது என்றான் பெலிக்ஸ். மறுநாள் காலையில் அவள் கடைசிக் கட்டுக்கு டிக் போட்டுவிட்டு மொத்தத்தைப் பார்த்தாள். புதிய தளத்தில் பழைய பதிவுகளின் கணக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது என்றது. நோட்டைத் திருப்பிக்கொண்டே போனதில் இருபத்தாறாவது கட்டில் ஒரு தேதிக்கு டிக் இல்லை. அந்தக் கட்டைப் பார்த்த வாரம் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்ததால் தானே விட்டிருப்போம் என்று நினைத்து மறுபடி தேடினாள். பதிவே இல்லை. 2018 ஜூலை 19.

தம்பி அசதியில் ஒன்றை விட்டுவிட்டான், அவன் வருவதற்குள் நாமே ஒட்டிவிடலாம் என்று பழைய தளத்தில் அந்தத் தேதியைத் திறந்தாள்.

‘காலை 6.10. மெயின் அருவி: ஆர்ச்சுக்கு உள்ளேயே விழுகிறது. ஐந்தருவி: ஐந்து கிளையிலும் அளவான தண்ணீர். பெரியவர்களும் நிம்மதியாகக் குளிக்கலாம். சாரல் லேசாக. கூட்டம் இல்லை.’

அதற்கு அடியில் ஒரே ஒரு பின்னூட்டம் இருந்தது. பதிவுக்கு மூன்று வாரம் கழித்து எழுதப்பட்டது.

‘என் பெயர் ஆதித்தன். அருப்புக்கோட்டை. குற்றாலத்தில் லாட்ஜில் தங்கியிருந்து, உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு அப்பாவை ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஏழு மணிக்குள் திடீரென்று தண்ணீர் பெருகியது. போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றியபோது அப்பா பாறையில் விழுந்தார். தலையில் அடி. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். மலையில் இரவெல்லாம் மழை, விடியும்போதே தண்ணீர் கலங்கி வந்தது என்று அங்கிருந்த கடைக்காரர் சொல்கிறார். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அன்று காலை நீங்கள் பார்த்தபோது தண்ணீர் எப்படி இருந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.’

பதில் இல்லை.

ஞானபாக்கியம் இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து போய், பீரோவில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த பையை எடுத்தாள். தேதி அவளுக்கு மறக்கவில்லை. ஆனாலும் காகிதத்தில் பார்க்க வேண்டியிருந்தது. பித்தப்பைக் கல் ஆபரேஷன், 19.07.2018. அன்று காலை ஆறு மணிக்கு அவளைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போக வந்தார்கள். நகை இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னதும் பெலிக்ஸ்தான் அவளுடைய கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். முந்தின இரவு முழுவதும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அவன். வால்வுக்கு வேறு ஆளை அனுப்பியிருந்தான். ஆறு பத்துக்கு அவன் எந்த அருவியையும் பார்த்திருக்க முடியாது.

இன்னொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. தள்ளுவண்டி நகரும்போது அவள் தலையைத் திருப்பி அவனிடம் ஒன்று கேட்டிருந்தாள்.

அன்று அவள் பீடித்தட்டைத் தொடவில்லை. லேப்டாப்பில் 2018-க்குப் பிந்திய பதிவுகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் ஒரு வரி இருந்தது: ‘இதை எழுதிய பிறகு தண்ணீர் மாறியிருக்கலாம். போலீஸ் சொல்வதைக் கேளுங்கள்.’ அந்த வரியையும் அவள் பீடிக் கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று.

ஜாய் ஆலங்குளத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் பெலிக்ஸ் வந்து கை கால் கழுவும்வரை ஞானபாக்கியம் காத்திருந்தாள். காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இருபத்தாறாவது கட்டுல ஒண்ணு குறையுது.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

“குறையட்டும்.”

“கடையில அப்படிச் சொன்னா கட்டைப் பிரிச்சு வீசிருவான்.”

“இது பீடி இல்லக்கா.”

“படிச்சிட்டேன்லே.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். காப்பியில் ஆடை படிந்தது. முந்தின நாள் பார்த்ததையே நேரத்தை மாற்றி எழுதியதாகவும், இராத்திரி மலையில் மழை என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை என்றும் மெதுவாகச் சொன்னான். அந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு நாலைந்து தடவை பதில் எழுத உட்கார்ந்து அழித்திருக்கிறான்.

“பாத்தேன்னு சொன்னா பொய். பாக்கலன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. ஒன்னையத்தான சொல்லணும்? ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம், நீ எந்திரிச்சு நடக்கவே இல்ல அப்ப.”

“அது அப்ப. பொறவு ஆறு வருசம்?”

அவன் துண்டை நாற்காலிக் கையில் போட்டான். பழைய தளம் மூடினால் அந்தப் பதிவும் அதோடு போய்விடும் என்று நினைத்ததாகச் சொன்னான்.

“வண்டியில படுத்துக்கிட்டு நான் ஒண்ணு கேட்டேன்,” என்றாள் ஞானபாக்கியம். “இன்னைக்கு எழுதிட்டியாலேன்னு. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சவ நான்தான். ஒரு நாள் விட்டா என்ன குடியா முழுகிரும்? நான் கேட்டிருக்கக் கூடாது.”

“எழுதுனது ஒங் கையாக்கா?”

அவள் லேப்டாப்பை மேசைக்குக் கொண்டுவந்தாள். புதிய தளத்தில் எழுதினால் அது ஆதித்தனுக்குப் போகுமா என்று கேட்டாள். போகாது என்றான். அங்கே ஒட்டுவது வெறும் எழுத்துதான். பழைய தளத்தில், அவருடைய கேள்விக்கு அடியிலேயே எழுதினால்தான் அவர் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் முகவரிக்குக் கடிதமாகப் போகும். இன்னும் நாலு நாள் இருக்கிறது.

“அப்ப இப்பவே எழுது.”

அவன் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் தட்டினான். முடித்ததும் அவள் பக்கம் திருப்பினான். அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். அக்காவுக்கு ஆபரேஷன், இரவு முழுவதும் விழிப்பு, பதற்றம் என்று நாலு வரி அதில் இருந்தது.

“அவரு என்ன கேட்டிருக்காரு? தண்ணி எப்படி இருந்துச்சுன்னுதான? அதுக்கு மட்டும் சொல்லு. என்னையச் சாக்கா வைக்காத.”

அவன் அந்த நாலு வரியையும் எடுத்தான். மிஞ்சியது இதுதான்:

‘அன்று காலை நான் அருவிக்குப் போகவில்லை. முந்தின நாள் பார்த்ததை அன்று பார்த்ததுபோல் எழுதினேன். தண்ணீர் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல ஆறு வருஷம் ஆக்கினேன். அதுவும் தப்பு. பெலிக்ஸ், மேலகரம்.’ அதற்குக் கீழே தன் போன் நம்பரையும் போட்டான்.

அனுப்பியபோது வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெலிக்ஸ் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மொபெட்டை நனையாமல் தள்ளி நிறுத்தப் போனான்.

இரண்டு நாளைக்கு ஒன்றும் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவன் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தான். முப்பதாம் தேதி மத்தியானம் ஞானபாக்கியம் பழைய தளத்தைத் திறந்தபோது அவன் எழுதியதற்குக் கீழே ஒரு வரி இருந்தது.

‘பதில் கிடைத்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.’

அவ்வளவுதான். அம்மா என்ன சொன்னார் என்று இல்லை. பெலிக்ஸ் சாயங்காலம் வந்து அதைப் பார்த்தான். வேறு ஏதாவது இருக்குமோ என்று பக்கத்தைக் கீழே வரை தள்ளிப் பார்த்தான். பிறகு எழுந்து போய்விட்டான்.

அந்தப் பதிவை ஞானபாக்கியமே புதிய தளத்தில் ஒட்டினாள். பதிவு, ஆதித்தனின் கேள்வி, தம்பியின் பதில், அதற்குக் கீழே அந்த ஒரு வரி. தேதியை 2018 ஜூலை 19 என்று மாற்றிவிட்டு, எண்ணிக்கை ஆயிரத்து நூற்றைம்பது ஆனதைப் பார்த்துவிட்டு, நோட்டில் டிக் போட்டாள். மறுநாளோடு பழைய தளம் மூடியது.

செப்டம்பர் முதல் வாரம் பீடிக் கடையில் ஹாஜரா பீவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுரண்டையிலிருந்து மகள் வீட்டார் பிள்ளைகளோடு வருவதாகவும், ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றும் கேட்டாள்.

“ஒந் தம்பிதான் பாக்காம எழுத மாட்டானே. என்ன போட்டிருக்கான்?”

ஞானபாக்கியம் கையிலிருந்த கட்டை இன்னொரு தடவை எண்ணினாள்.

“இன்னைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துதான் எழுதியிருக்கான்,” என்றாள். “தண்ணி கம்மின்னு போட்டிருக்கான். ஆனா அது காலையில பாத்தது. நீங்க போறப்ப அங்கன நிக்கிற போலீஸ்காரர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.”

ஹாஜரா பீவி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கேலி ஒன்றும் சொல்லவில்லை.