இரு கைகளாலும் எடுக்கிறது

காப்பகத்து ஆயாவின் உடம்பில் வலிக்காத இடம் என்று தேடினால் காதுமடல் ஒன்றுதான் தேறும். அதையும் பிள்ளைகள் பிடித்து இழுக்காமல் விடுவதில்லை. தவழ்கிறவர்களோடு தவழ்ந்து, நிற்கிறவர்களைத் தாங்கி, ஓடுகிறவர்களைத் துரத்தியே பத்தொன்பது வருடம் போய்விட்டது.

ஆனால் வேலை தெரிந்தவள். கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடுகிற குழந்தையைத் திட்ட மாட்டாள். “சேட்டை இல்லம்மா அது. விழுதா, சத்தம் வருதான்னு சோதிச்சுப் பாக்குது” என்று தாய்மாருக்குச் சொல்லுவாள். அந்தச் சோதனைக்கு இருபது தடவை குனிந்து நிமிர்வதும் அவள்தான்.

அவளுக்கு ஆகாதது வளர்ச்சித் தாள். மாதக் கடைசியில் பிள்ளைக்கு ஒன்றாக நிரப்பிப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். பிடிமானம் இல்லாமல் உட்காருகிறது. மறைத்த பொம்மையைத் தேடுகிறது. இரு கைகளாலும் பொருளை எடுக்கிறது. ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் செய்ய வைத்துப் பார்த்துத்தான் குறித்தாள். பிறகு, பிள்ளைகள் தூங்கும் அரை மணி நேரத்தில் சுவரில் சாய்ந்தபடி மேலிருந்து கீழே டிக் போட்டுக்கொண்டே போகப் பழகிவிட்டாள். எல்லாப் பிள்ளையும் எல்லாம் செய்யத்தானே செய்கிறது? அவளையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, பதினாறு பிள்ளைக்கு ஒருத்தி.

அன்று மொட்டுவோடு விளையாடிக்கொண்டிருந்தாள். மொட்டுவுக்குப் பதினோரு மாதம். இடது கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வலப்பக்கம் நீட்டினாள். மற்றப் பிள்ளை என்றால் வாங்கி, இரண்டையும் மோதிச் சிரித்திருக்கும். மொட்டு முதல் கட்டையைக் கீழே போட்டது. இடது கையையே குறுக்கே நீட்டி இரண்டாவதை வாங்கியது. வலது கை கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியே இருந்தது.

மறுபடி கொடுத்துப் பார்த்தாள். மறுபடியும் அப்படியேதான்.

இந்த வயதில் பிள்ளைக்கு இடக்கை வலக்கை என்ற பேதம் கிடையாது. ஒரு கையே எல்லா வேலையும் செய்தால் மற்றக் கையை உடனே மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அலமாரியைத் திறந்து மொட்டுவின் தாள்களை எடுத்தாள். ‘இரு கைகளாலும்’ என்ற வரிக்கு நேரே மூன்று மாதமும் அழகாக டிக்.

அடுத்த மாதம் புதிதாகக் கண்டதுபோல் சொல்லிவிடலாம். வேலையும் தப்பும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அந்த மாதத்தைப் பிள்ளையிடமிருந்து அல்லவா எடுக்க வேண்டும்? ஏற்கெனவே மூன்றை எடுத்தாகிவிட்டது.

மாலையில் மொட்டுவின் அம்மா அலுவலக அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

“சாப்ட்டாளாக்கா?”

“சாப்ட்டா. நீ கொஞ்சம் உக்காரும்மா.”

கட்டைகளை வைத்துச் செய்து காட்டினாள். “நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிடு. சீக்கிரம் கைக்குப் பயிற்சி ஆரம்பிச்சா நல்லதுன்னு சொல்லியிருக்காங்க.” மூன்று தாள்களையும் எடுத்து அவள் முன் வைத்தாள். “தாள்ல நான் போட்ட டிக் எல்லாம்... பாக்காம போட்டதும்மா. மூணு மாசமும். தப்பு என்னுதுதான்.”

கத்துவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். மொட்டுவின் அம்மா கத்தவில்லை. பிள்ளையின் மூடிய கையை எடுத்து விரல்களை மெல்லப் பிரித்துப் பார்த்தாள்.

“எனக்கு அப்பவே சந்தேகம்க்கா. டாக்டர்கிட்ட நேரம்கூட வாங்கி வச்சிருந்தேன்” என்றாள். “உங்க தாளைப் பாத்துட்டுத்தான் போகாம விட்டேன்.”