கழுவித் தந்த பெட்டி

என்னைக் கோபக்காரி என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தப் பழைய வீட்டின் பேச்சை எடுத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கனடாவில், விட்பியைத் தாண்டிக் கிழக்கே போனால் ஒரு சின்ன ஊர். விக்டோரியா மகாராணி காலத்து வீடொன்றை அங்கே மியூசியமாக வைத்திருக்கிறார்கள். ஸ்காபரோ அப்பார்ட்மென்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாரே என்று போன கோடையில் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன்.

காரில் ஏறும்போது அம்மாவின் கையில் மூடி போட்ட பெட்டி ஒன்று. உள்ளே பயத்தம் பணியாரம். முதல்நாள் பயறு வறுத்து, அரைத்து, பாகு காய்ச்சி, அடுப்படியில் நின்று பொரித்தெடுத்தது. அவருடைய முழங்காலுக்கு அது லேசான வேலை இல்லை. அம்மா, அங்கே ஒருவரும் குடியிருக்கவில்லை என்றேன்.

"தெரியும். கதவு திறந்துவிட ஒரு ஆள் இருக்கும்தானே? ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போறதே?"

கதவு திறந்துவிட ஆள் இருந்தது. தரையைத் தொடும் பாவாடையும் தலையில் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வீட்டைச் சுற்றிக் காட்டுபவர் அவர்தான். அம்மா இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார். உங்களுக்காக அம்மா செய்தது என்று நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, வீட்டில் செய்த சாப்பாட்டை வாங்க இங்கே அனுமதியில்லை, போகும்போது தருகிறேன் என்று பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோனார். சட்டம் என்றால் சட்டம்தான். அதுவரை எனக்குக் கோபம் இல்லை.

பிறகு சாப்பாட்டு அறைக்குப் போனோம். நீள மேசையில் வெள்ளித் தட்டுகள். சாந்தில் செய்து வர்ணம் பூசிய பன்றி இறைச்சி, மெழுகில் செய்த அப்பிள். சிவப்புக் கயிறு கட்டி, தொடாதே என்று எழுதியும் வைத்திருந்தார்கள். அந்த வீட்டு எசமானியின் விருந்தோம்பலைப் பற்றி அந்தப் பெண்மணி நெஞ்சுருகச் சொன்னார். அயலவர்கள் ஜாமும் கேக்கும் செய்து கொண்டுவருவார்களாம். அந்தப் பாத்திரத்தை எசமானி ஒருநாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டாராம், தோட்டத்துப் பழம் நாலைந்தாவது போட்டுத்தான் கொடுப்பாராம். நான் அதை அப்படியே அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கடை ஆக்களைப் போலத்தான்," என்றார்.

எல்லாம் பார்த்து முடிந்ததும் அம்மா பின்பக்கத்துப் பாத்ரூமுக்குப் போனார். வாசலில் தனியே நின்ற என்னிடம் அந்தப் பெண்மணி பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சாப்பாடு கிடந்தால் எலி வரும், பழைய மரச்சாமான்களுக்கு ஆபத்து, அதனால் நீங்கள் மேல்மாடியில் நின்றபோது அப்புறப்படுத்த வேண்டியதாகிவிட்டது என்றார். அப்புறப்படுத்தினாராம்! கார் வாசலிலேயே நிற்கிறது. காருக்குள் வையுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஓடிப்போய் வைத்திருப்பேனே. மெழுகுக்குக் கயிறு கட்டிக் காவல், கைவருந்திச் செய்த பண்டத்துக்குக் குப்பை வாளியா?

நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, "தேங்க் யூ" என்று அந்தப் பெண்மணிக்குத் தலையாட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காரை எடுத்தேன்.

பெருந்தெருவில் ஏறியதும், பணியாரம் நல்ல ருசி, எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்களாம் என்று சொன்னேன். அந்த நேரம் வேறென்ன சொல்வது?

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"பொய் சொல்லாதை, பிள்ளை. பாத்ரூமுக்குப் பக்கத்திலை குப்பை வாளிக்குள்ளை கிடந்தது. கண்டனான்."

விட்பி வரும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். பிறகு பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த மெழுகு அப்பிளிலை ஒரு தூசி இல்லை, பாத்தனீயே?"