மடியில் இரண்டு பேர்

கணக்குப் போடுவதைவிடக் கணக்கு எழுதுவதுதான் என்னை அதிகம் களைப்பாக்குகிறது. இந்தி பேசும் தலைநகரில், லக்ஷ்மிபாய் நகரின் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மாம்பழம், மாட்டுவண்டி எல்லாம் வேண்டாம், பிள்ளைகள் தினமும் பார்ப்பதை வைத்து எழுதுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அதனால் போன தேர்வுக்கு இப்படி எழுதினேன்: ‘ஒரு பேட்டரி ரிக்ஷாவில் நான்கு பேர் உட்காரலாம். இருபத்தாறு மாணவர்கள் போக எத்தனை ரிக்ஷா வேண்டும்?’ மூன்று முறை திருத்தியும் எனக்குத் திருப்தியில்லை.

விடை ஏழு. ஒரு மாணவி சரியாக வகுத்து, ஈவு ஆறு, மீதி இரண்டு என்று போட்டு, கீழே எழுதியிருந்தாள்: ‘ஆறு போதும். ரெண்டு பேரை மடியில வச்சுக்கலாம்.’ இரண்டு மதிப்பெண்ணில் ஒன்று கொடுத்தேன். தேர்ச்சி பெற அவளுக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் குறைந்தது. தவறியவர்களின் பெற்றோர் பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

விடைத்தாளைக் கொடுத்ததும் மேசையருகே வந்து நின்றாள்.

“மேம், அம்மாவ கூப்பிடாதீங்க. கிட்வாய் நகர்ல மூணு வீட்டு வேலை. இன்னொரு லீவு போட்டா வேற ஆள் வச்சுக்குவேன்னு ஆன்ட்டி சொல்லிட்டாங்க.”

“நாலு பேர்தான் உட்காரலாம்னு போட்டிருக்கேனேம்மா?”

“சீட்ல நாலு பேர்தான் மேம். காலைல நீங்க பாப்பாவ மடியில வச்சுட்டுதானே வந்தீங்க? நான் முன்னாடி வண்டி ஓட்டுற பையா பக்கத்துல இருந்தேன்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்: “அப்போ அஞ்சே போதும் மேம்! பையா பக்கத்துல ஒவ்வொரு ஆளு, மீதி ஒருத்தன் மடியில!”

வகுப்பே சிரித்தது. கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

அவளுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டேன். உடனே ஆறு என்று மட்டும் எழுதியிருந்த ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். “நானும் மனசுல மடின்னுதான் நெனச்சேன் மேம்.” எழுதியவர்களுக்கு மட்டும்தான் என்றேன். நியாயமா என்று இன்னும் தெரியவில்லை. தமிழில் ஒரு வரி எழுத அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

மாலையில் ரிக்ஷாவில் திரும்பும்போது மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். மனதுக்குள் கணக்கைத் திருத்தினேன். யாரும் மடியில் உட்காரக் கூடாது. ஓட்டுநர் பக்கத்திலும் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி இருக்கை வேண்டும். இரண்டு வரி ஐந்தாயிற்று. ஐந்து வரியை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் தேர்வு மணி அடித்துவிடும். சேர்த்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

இறங்கும்போது கால் மரத்துப் போயிருந்தது. கணக்கு மறுபடியும் இரண்டு வரியில் வந்து நின்றிருந்தது.