என் தலையை வைத்து ஒரு வேண்டுதல்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். ரயிலில் கால் வைக்க இடம் கிடையாது. அதனால் அந்தப் பங்குனியில் நான் வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஈஸ்டர் லீவு விட்டபோது, எங்கும் போவதில்லை, வீட்டிலேயே கிடப்பது என்று முடிவு செய்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

திருத்தணியில், அதுவும் மலையடிவாரத்தில் வீடு வைத்திருப்பவளுக்கு அந்த ஆசை வரலாமா? மொட்டை போட வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் வீடுதான் சத்திரம். கணவரின் பெரியப்பா வழியில் சிலர், பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்தவர்கள் இன்னொரு கூட்டம். லீவின் முதல் நாளே ஏழு பேர். சும்மா போவார்களா? என் தலையணை உறையெல்லாம் மொட்டைத் தலைச் சந்தனம். கிணற்றடியில் வழித்த மயிர். என் சோற்றுத் தட்டில்கூட ஓர் இழை கிடந்தது. அதை விரலால் இழுத்தபோது சோறும் கூடவே வந்தது. சீ என்று தட்டைத் தள்ளினேன்.

அதைப் பார்த்த மாமியார், "இன்னாடி, மயிருக்குப் போயி மூஞ்ச சுளிக்கிற? சனிக்கெழம உன்னுதும் எடுக்கணும், தெரியுமில்ல?" என்றார்.

எனக்கு எங்கே தெரியும்? தை மாதம் என் கணவர் டைபாய்டில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் மருமகள் முடி கொடுப்பாள் என்று மாமியார் மலையைப் பார்த்துக் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவர் பிள்ளை, அவர் வேண்டுதல், என் தலை!

"நீங்க வேண்டிக்கினா நீங்கதானே அத்தை குடுக்கணும்?"

"எனுக்கு இருக்கிறது எலிவாலு. அதப் போயி சாமிக்குக் குடுக்கறதா? உனுக்குத்தான் முட்டி வரிக்கும் தொங்குதே."

தொங்கியது உண்மைதான். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த நகையும் பாத்திரமும் மாமியாரின் பெட்டிக்குள் போய் வெகுநாளாகியிருந்தது. வாரம் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பின்னிக்கொள்கிற அரைமணி நேரம்தான் அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது. என் முடி எனக்கு வேண்டும். வேறு பெரிய காரணமெல்லாம் கிடையாது.

கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று கிராப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"முடிதானே, வளந்துடப் போவுது."

"வளருமில்ல? அப்ப நீங்களே குடுங்களேன். பொழச்சது நீங்கதானே?"

"ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"என் பள்ளிக்கூடத்துல?"

"அங்க எல்லாம் பசங்கதானே" என்று சொல்லிவிட்டு வகிட்டை இன்னொரு முறை சரிசெய்துகொண்டார். தூ! இந்த மனிதருக்கா ராவும் பகலும் கஞ்சி வடித்து ஊட்டினேன் என்று வந்தது.

அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மொட்டை போட்டு முடித்த விருந்தாளிகள்கூடத் தலையைத் தடவிக்கொண்டே எனக்குப் புத்தி சொன்னார்கள். நுனியில் மூன்று விரற்கடை மட்டும் கத்தரித்துப் பூமுடியாகக் கொடுக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "நான் சொன்னது முழுமுடி. சாமிகிட்டப் பேரம் பேசுவியா?" என்றார் மாமியார். அவர்கள் குரல் கேட்டாலே எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவேன். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் உறுதியாக வைத்திருந்தேன். சனிக்கிழமை முடி எடுக்கும் கொட்டகையில், நாலு பேர் முன்னால், முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கொட்டகை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தரையெல்லாம் ஈரம். மிதிபட்டுச் சேறோடு சேர்ந்த மயிர் உள்ளங்காலில் ஒட்டியது. புளித்த தண்ணீர் வாடை. யாரோ ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. என்னை மணையில் உட்கார வைத்தார்கள். நாவிதர் வயதானவர். கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து என் கொண்டையை அவிழ்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். பிறகு மாமியாரைப் பார்க்காமல் என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"உனுக்கு இஷ்டந்தானாம்மா? வேணாம்னா சொல்லிடு. நான் கத்தி வெக்க மாட்டேன்."

அந்த லீவில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். பின்னால் மாமியார் நின்றிருந்தார். கணவர் தூணில் சாய்ந்துகொண்டு வெளியே பார்த்தார். விருந்தாளிகள் என்னையே பார்த்தார்கள். சொல்ல வேண்டியது வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"ஆங், இஷ்டந்தான்" என்றேன்.

அவர் இன்னும் ஒரு கணம் காத்திருந்து பார்த்துவிட்டு, என் தலையில் தண்ணீரைத் தெளித்தார்.

மாமியாரும் போய்ச் சேர்ந்தார், கணவரும் போய்ச் சேர்ந்தார். அவர்கள் மேல் இருந்த வெறுப்பும் எப்போதோ ஆறிவிட்டது. அன்றைக்கு மணையில் உட்கார்ந்து இஷ்டந்தான் என்று சொன்னாளே ஒருத்தி, அவளை மட்டும் என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை.